ஒரே அடுப்பு, நான்கு உடல்கள்: எங்கள் வீட்டுத் தானியேல் உபவாசத்தின் 21 நாள் பதிவு

கடந்த ஜனவரியில் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் மூன்று பேர் தானியேல் உபவாசம், அதாவது வேதாகமத் தானியேலைப் பின்பற்றி 21 நாள் மரக்கறி மட்டும் சாப்பிடும் உபவாசம், இருந்தோம். 5ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் தொடங்கி 25ஆம் தேதி ஞாயிறு இரவு முடித்தோம். நான் செவிலியர். 22 ஆண்டுகளாக வார்டில் நோயாளிகளின் அட்டையில் எண்களை எழுதிப் பழகியவள். அந்தப் பழக்கத்தில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, என்ன சமைத்தேன், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், யாருக்கு உடம்பு என்ன செய்தது எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த உபவாசத்தை நான் நேசிக்கிறேன். அடுத்த ஆண்டும் இருப்பேன். ஆனால் அந்த 21 நாளில் இரண்டு முறை எங்கள் வீட்டில் பெரிய ஆபத்து வந்து விலகிப்போனது. இரண்டு முறையும் பருப்பின் மீதோ கீரையின் மீதோ குற்றமில்லை. தட்டை மாற்றிய நாங்கள் மாத்திரை டப்பாவை அப்படியே விட்டுவிட்டோம். இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதே என் வேலை என்பதால் அந்த நினைவு இன்னும் உறுத்துகிறது. ஜெபத்துக்கு ஒரு அறை, மருத்துவத்துக்கு வேறொரு அறை என்று பிரித்து வைத்திருக்கும் எத்தனையோ குடும்பங்களை எங்கள் சபையிலேயே பார்க்கிறேன். அவர்களுக்காகவே இந்தப் பதிவு.

யார் யார்

என் கணவருக்கு வயது 54, பள்ளி ஆசிரியர். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரையைக் காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு முன் எடுத்துக்கொள்பவர். தொடக்க எடை 81.4 கிலோ.

அத்தைக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, வயது 73. ரத்த அழுத்தத்துக்குத் தெல்மிசார்டன், அதோடு நீர் பிரியச் செய்யும் ஹைட்ரோகுளோரோதயசைட். எடை 52 கிலோ. சிறுவயதில் பெரிய வெள்ளியன்று மூன்று மணி ஆராதனை முடிந்து கஞ்சி குடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தவர். உபவாசம் என்றால் அவருக்குக் கேள்வியே கிடையாது.

எனக்கு வயது 47. மருந்து எதுவும் இல்லை, ஆனால் கொழுப்பு கொஞ்சம் கூடுதல். எடை 64.2 கிலோ.

மகளுக்கு 17. பிளஸ் டூ தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. டிசம்பரில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.6. அவளும் இருக்கிறேன் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முட்டையும் பாலும் அவளுக்குத் தொடரும், இறைச்சியையும் கடைத் தின்பண்டங்களையும் மட்டும் விட்டால் போதும் என்று பேசி முடித்தோம். அவளைப் பற்றி இனி அதிகம் சொல்வதற்கில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகப் படித்தாள்.

எது விதி

தானியேல் புத்தகத்தில் இரண்டு இடங்கள் இந்த உபவாசத்துக்கு அடிப்படை. முதல் அதிகாரத்தில், பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட வாலிபனான தானியேல் ராஜாவின் போஜனத்தை மறுத்து, பத்து நாள் பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும்படி தன்னைக் கவனிக்க வைக்கப்பட்ட மேல்ஷாரிடம் கேட்கிறான். பத்தாம் அதிகாரத்தில் அவர் முதியவர். மூன்று வாரம் துக்கித்திருந்து, ருசிகரமான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விலக்குகிறார், பரிமளதைலமும் பூசிக்கொள்ளவில்லை. முதலாம் மாதம் 24ஆம் தேதி இதெக்கேல் ஆற்றங்கரையில் தரிசனம் காண்கிறார். யூதர்களின் பஸ்கா பண்டிகை அந்த மாதம் 14ஆம் தேதி வருவது. பண்டிகைக் காலத்திலேயே அவர் விருந்தை விட்டிருக்கிறார் என்பது ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் என்னை நிறுத்துகிறது.

வேதத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. சபைகளில் கையில் கொடுக்கப்படும் நீண்ட பட்டியல், அதாவது பால் கூடாது, சர்க்கரை கூடாது, மைதா கூடாது, எண்ணெயில் பொரித்தது கூடாது, காபி தேநீர் கூடாது, புளித்த மாவு கூடாது என்பது, இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பிற்காலத்தில் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எது வேத வசனம், எது நாம் வகுத்த ஒழுங்கு என்று தெரிந்திருந்தால், உடம்புக்கு முடியாத நேரத்தில் எதைத் தளர்த்தலாம் என்பதில் மனசாட்சி கலங்காது. ஆறாம் நாள் இரவு எங்களுக்கு அது தேவைப்பட்டது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பத்து நாள் முடிவில் அந்த வாலிபர்கள் மெலிந்து போனதாக வேதம் சொல்லவில்லை. முகம் களையாகவும் சரீரம் புஷ்டியாகவும் இருந்ததாகச் சொல்கிறது. எடை குறைப்பதற்காக இந்த உபவாசத்தில் சேருகிறவர்கள் அந்த வசனத்தைத் திரும்ப ஒரு முறை வாசிக்க வேண்டும்.

உலகத்தில் மரக்கறி உபவாசம் கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையார் ஆண்டில் 180 நாளுக்குக் குறையாமல் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விடுகிறார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முன் ஐம்பது நோன்பு உண்டு. நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு), சுத்தபோசனம் (இறைச்சியை விலக்குவது) என்ற சொற்கள் இன்றும் புழங்குகின்றன. சுத்தபோசனத்தில் பால் மோர் உண்டு, மீனும் உண்டு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் புரொட்டஸ்டண்ட் என்பதால் இப்படி வகுத்த நோன்பு நாட்கள் எங்களுக்குப் பழக்கமில்லை. முழுப் பட்டினி உபவாசம் தெரியும். சாப்பிட்டுக்கொண்டே இருக்கும் உபவாசம்தான் புதிது.

இட்லி

இறைச்சியை விடுவது எங்களுக்குக் கஷ்டமாக இல்லை. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஆட்டுக்கறியும் முறுக்கும் அதிரசமும் தின்று நாக்கே ஓய்வு கேட்டது. இட்லியை விடுவதுதான் பெரிய துக்கமாக இருந்தது. இட்லி மாவு புளிக்கிறது, புளித்த மாவு கூடாதென்றால் இட்லியும் கூடாதா? இதைப் பற்றி எங்கள் ஜெபக்குழுவில் அரை மணி நேரம் பேசினோம். புளித்த மாவைக் குறித்த கட்டளை பஸ்காவுக்கு உரியது, தானியேலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றார் ஒரு மூப்பர். அவரவர் மனசாட்சிப்படி என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் விட்டுவிட்டார். என் கணவர் விடுவது என்று தீர்மானித்தார். காரணம் புளிப்பு அல்ல. "நமக்கு ருசிகரமான அப்பம் அதுதான்" என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

இட்லி தோசை போனபின் காலை உணவுக்கு என்ன என்பது தினமும் முன்னால் வந்து நின்றது. முதல் மூன்று நாள் பழம் நறுக்கி வைத்தேன். அதன் பலனைப் பிறகு சொல்கிறேன். பின்பு முறை பிடிபட்டது. கேழ்வரகுக் கூழ், புளிக்க வைக்காமல் அன்றன்றே காய்ச்சியது. வெள்ளைப்பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த உளுந்தங்கஞ்சி, கருப்பட்டி இல்லாமல். குதிரைவாலி உப்புமா. முளைகட்டிய சிறுபயறு, தேங்காய்த் துருவலோடு.

மதியத்துக்கு நெல்லைச் சமையல் கை கொடுத்தது. சொதியைப் போல ஒரு உபவாச உணவை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, இறக்கும்போது எலுமிச்சைச் சாறும் இஞ்சிச் சாறும். இங்கே சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பந்தியில் பரிமாறும் உணவு அது. தொலி உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இன்னொரு நாள். தயிர் சேர்க்காத அவியல், முருங்கைக்கீரைப் பொரியல், கொள்ளு ரசம். சாயங்காலம் சுண்டல். இரவு எண்ணெய் தடவாத சப்பாத்தியும் தட்டைப்பயற்றுக் குழம்பும்.

ஜனவரி என்பது பனங்கிழங்கும் சிறுகிழங்கும் வரும் காலம். அவித்த பனங்கிழங்கை மிளகும் உப்பும் பூண்டும் சேர்த்து இடித்துத் தின்றால் இரண்டு மணி நேரம் பசி எட்டிப்பார்க்காது. அத்தைக்கு நார் பல்லில் மாட்டும் என்பதால் இடித்துச் சலித்துக் கொடுத்தேன். சிறுகிழங்கின் மண்ணைக் கழுவித் தோலைச் சுரண்டி எடுப்பதற்குள் கை கறுத்துவிடும், ஆனாலும் அந்தப் பொரியலின் மணத்துக்கு ஈடு இல்லை.

இதில் எனக்கு மனத்தாங்கலும் உண்டு, மறைக்க மாட்டேன். முதல் வாரம் நான் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் ஜெபித்தேன். ஊறவைக்க, அரைக்க, தேங்காய் பிழிய, மகளுக்குத் தனியாகச் சமைக்க என்று நாளுக்கு மூன்று மணி நேரம் அடுப்படியிலேயே போனது. தானியேலுக்குப் பருப்பு கொடுக்க மேல்ஷார் இருந்தான். வீடு முழுவதும் உபவாசம் இருக்கும்போது அந்த வீட்டுப் பெண் மேல்ஷாராகவும் தானியேலாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. ஏழாம் நாள் அதைக் கணவரிடம் சொன்னேன். அன்று முதல் கீரை உருவுவதும் பயறு ஊறப்போடுவதும் காய் நறுக்குவதும் அவர் வேலையாயிற்று. எட்டாம் நாளிலிருந்து அதிகாலை நாலரை மணி ஜெபத்துக்கு நான் தூக்கக் கலக்கம் இல்லாமல் உட்கார்ந்தேன்.

முதல் ஐந்து நாள்

இரண்டாம் நாள் மதியம் எனக்குத் தலைவலி தொடங்கியது. நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை பட்டை கட்டியதுபோல் இருந்தது. பட்டினியால் வந்தது என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். இது காபியை நிறுத்தியதால் வந்த வலி. நாள்தோறும் காபி குடிப்பவரின் உடல் அதற்கேற்பத் தன்னைப் பழக்கி வைத்திருக்கிறது. கடைசிக் காபிக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் வலி தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட நீடிக்கும். எனக்கு நான்கு நாள். இதைச் சாத்தானின் எதிர்ப்பு என்று ஜெபக்குழுவில் ஒரு சகோதரி சொன்னபோது நான் அவரிடம் தனியே விளக்கினேன். உபவாசத்துக்கு ஒரு வாரம் முன்பே மூன்று காபியை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, ஒன்றை அரையாக்கி வந்தால் இந்த வலியில் பெரும்பகுதி வராது.

அடுத்தது வாயு. மூன்றாம் நாளிலிருந்து மூவருக்கும் வயிறு பந்துபோல் ஆயிற்று. பயறு வகைகளில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அவை பெருங்குடல்வரை போய் அங்கே நுண்ணுயிரிகளுக்கு உணவாகி வாயுவாகின்றன. இரவு முழுவதும் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும். நான் அவசரத்தில் இரண்டு மணி நேரம் ஊறிய கொண்டைக்கடலையைக் குக்கரில் ஏற்றியதற்கு மூன்று பேர் அவதிப்பட்டோம். பெருங்காயம், இஞ்சி, ஓமம் எல்லாம் தாராளமாகச் சேர்த்தேன். ஒன்பதாம் நாளுக்குப் பிறகு வயிறு பழகிக்கொண்டது. பல ஆண்டுகளாக மலச்சிக்கலுக்குப் பொடி சாப்பிடும் அத்தை, ஐந்தாம் நாள் முதல் அந்தப் பொடியைத் தொடவில்லை.

முதல் வாரத்தில் எனக்கு ஒரு கிலோவும் கணவருக்கு ஒன்றே முக்கால் கிலோவும் குறைந்தது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் போனதால் உப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. உப்பு குறைந்தால் உடம்பில் தேங்கிய நீர் இறங்கும். முதல் வார இறக்கத்தின் பெரும்பகுதி அந்த நீர்தான், கொழுப்பு அல்ல.

காலையில் பழம் வைத்தேன் என்றேனே, அதன் பலன் இது: மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் கணவரின் சர்க்கரை 231. உபவாசத்துக்கு முன்னால்கூட அவ்வளவு போனதில்லை. காலையில் வாழைப்பழமும் திராட்சையும், மதியம் மூன்று கரண்டிச் சோறு, மேலே ஒரு கரண்டி சாம்பார். நம் வீடுகளில் கறியும் மீனும் இல்லையென்றால் அந்த இடத்தைச் சோறு பிடித்துக்கொள்கிறது. மரக்கறி உணவு என்று பேர், தட்டில் இருப்பது சோற்று மலை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். கணவருக்கு நாளுக்கு 68 கிராம், அத்தைக்கு 43. நூறு கிராம் உலர்ந்த பயறில் 22 கிராம் அளவுக்குத்தான் கிடைக்கும். நான் கணவரின் தட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது நாளுக்கு 90 கிராம் பயறு. மறுநாள் முதல் பயறும் கடலையும் சேர்த்து 200 கிராமாக்கினேன். பருப்பையும் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றை ஒன்றரைக் கரண்டி கடைசியில் என்று வரிசையை மாற்றினேன். பழம் நாளுக்கு ஒன்று, கொய்யா அல்லது பப்பாளித் துண்டு. அதன்பின் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 170ஐத் தாண்டவில்லை.

ஆறாம் நாள் இரவு

உணவைச் சரிசெய்தேன். சர்க்கரை இறங்கும் என்று தெரிந்தும் மாத்திரையைக் குறித்து மருத்துவரைக் கேட்கவில்லை. இதுதான் என் தவறு.

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வழக்கம்போல் இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கணவர் சபையில் இரவு ஜெபத்துக்குப் போனார். எட்டரைக்கு வந்து சாப்பிடுவதாகப் பேச்சு. ஜெபம் நீண்டது. வீட்டுக்கு வரும்போது மணி பத்தரை. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஜனவரிக் குளிரில் அப்படி வியர்க்காது. "சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டதற்கு, "நாளைக்குப் பரீட்சைத்தாள் கட்டு எங்கே" என்றார். மறுநாள் ஞாயிறு.

விரலில் குத்திப் பார்த்தேன். 58.

கிளிமெபிரைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று அது பார்க்காது. 70க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து நீட்டினேன். அவர் டம்ளரைத் தள்ளினார். "சர்க்கரை இந்த 21 நாளும் இல்லை என்று கர்த்தரிடம் சொல்லியிருக்கிறேன்" என்றார். சர்க்கரை குறைந்த மூளை அப்படித்தான் பிடிவாதம் பிடிக்கும். அத்தை கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். மகனின் தாடையைப் பிடித்து, "இது மருந்து. குடி" என்றார். குடித்தார்.

பத்தே முக்காலுக்குக் கொடுத்தேன். பதினொன்றுக்கு 74. சப்பாத்தியும் குழம்பும் சாப்பிட்டபின் நள்ளிரவில் 121. நான் அன்று தூங்கவில்லை.

அவருடைய மருத்துவரிடம் காலையிலேயே தொலைபேசியில் பேசினோம். இரவில் கூட்டு மாத்திரைக்குப் பதில் மெட்ஃபார்மின் மட்டும், காலையில் பழைய மாத்திரை, நாளுக்கு நான்கு முறை சர்க்கரைப் பரிசோதனை என்று மாற்றிக் கொடுத்தார். பேச எடுத்துக்கொண்டது ஐந்து நிமிடம். டிசம்பரிலேயே பேசியிருக்கலாம். மீதி 15 நாளில் ஒரு முறையும் 80க்குக் கீழே போகவில்லை. சர்க்கரை மிட்டாய் இரண்டு அவர் சட்டைப்பையில் எப்போதும் இருந்தது.

அத்தை

ஒன்பதாம் நாள் காலையில் அத்தை குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தலை சுற்றுகிறது, ஒன்றுமில்லை" என்றார். படுக்கவைத்துப் பார்த்தபோது அழுத்தம் 122/74. எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தபோது 98/60. மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் முதியவர்கள் விழுவதற்கு அதுவே போதும். 73 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

அழுத்தம் மட்டும் அல்ல. இரண்டு நாளாகவே சோர்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்லத் தாமதித்தார். உபவாசத்தின் அமைதி என்று நானே நினைத்திருந்தேன். ரத்தத்தில் சோடியம் பார்த்தோம். 130. இருக்க வேண்டியது 135 முதல் 145. காரணம் ஒன்றோடொன்று கோத்திருந்தது. அவர் தானாகவே உப்பைப் பாதிக்கு மேல் குறைத்திருந்தார். தண்ணீர் நிறையக் குடித்தால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாளுக்கு மூன்றரை லிட்டர் குடித்தார். அதற்கு மேல் சிறுநீரில் உப்பை வெளியேற்றும் மாத்திரை. மூன்றும் சேர்ந்தால் சோடியம் இறங்காமல் என்ன செய்யும்?

மருத்துவர் ஹைட்ரோகுளோரோதயசைடை நிறுத்தினார், சாப்பாட்டில் வழக்கமான உப்பு போடச் சொன்னார், தண்ணீருக்கு அளவு சொன்னார். இளநீர் கொடுக்கலாமா என்று கேட்டேன். தெல்மிசார்டன் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் உடம்பில் தங்கும், இளநீரில் அது மிகுதி, தினமும் வேண்டாம் என்றார். நான்கு நாள் கழித்துச் சோடியம் 136. அத்தை மறுபடி என் சமையலில் உப்பு போதாது என்று சொல்லத் தொடங்கினார். அந்தக் குறையைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன் இல்லை.

உபவாசத்தை விடுங்கள் என்று கெஞ்சினேன். விடவில்லை. ஆனால் நாளுக்கு ஒரு பிடி வறுத்த நிலக்கடலையும் இரவில் ஒரு கிண்ணம் பாசிப்பருப்புக் கஞ்சியும் கூடுதலாகச் சாப்பிடுவதாக ஒத்துக்கொண்டார். அந்த வயதில் புரதம் குறைந்தால் தசைதான் முதலில் கரையும்.

பதினோராம் நாள் பொங்கல். பக்கத்து வீட்டிலிருந்து நெய்யும் முந்திரியும் மினுங்கச் சர்க்கரைப் பொங்கல் தூக்குவாளியில் வந்தது. நான் எப்படி மறுப்பது என்று திகைத்து நின்றபோது அத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "பண்டிகைக்குக் கொடுத்ததைத் திருப்பக் கூடாது. இவள் சாப்பிடுவாள்" என்று பேத்தியைக் காட்டினார். அதே வாளியில் பனங்கிழங்கு நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்.

எண்களும் எண்களில் வராததும்

கணவரின் எடை 81.4இலிருந்து 78.6. வெறும் வயிற்றுச் சர்க்கரையின் வாரச் சராசரி 148இலிருந்து 117. அத்தையின் எடை 52இலிருந்து 50.3. இது எனக்கு உவப்பாக இல்லை, அவர் எடை குறைய வேண்டியவர் அல்ல. என் எடை 62.5. என் மொத்தக் கொழுப்பு 218இலிருந்து 188, கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்.டி.எல். 142இலிருந்து 118, நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்.டி.எல். 49இலிருந்து 44.

அந்தக் கடைசி எண் முதலில் என்னைக் கவலைப்படுத்தியது. ஆனால் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட தானியேல் உபவாச ஆய்விலும் இதேதான் நடந்திருக்கிறது. 43 ஆண் பெண்கள் 21 நாள் இருந்தார்கள். மொத்தக் கொழுப்பின் சராசரி 171இலிருந்து 139 ஆனது, எல்.டி.எல். 98இலிருந்து 76, எச்.டி.எல்.லும் 56இலிருந்து 48க்கு இறங்கியது. மேல் ரத்த அழுத்தம் 115இலிருந்து 106. உபவாசம் இல்லாத ஒப்பீட்டுக் குழு அதில் கிடையாது. கிரீட் தீவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில் அப்படி ஒரு குழு உண்டு. ஆர்த்தடாக்ஸ் நோன்புகளை ஒழுங்காகக் காக்கும் 60 பேரையும் காக்காத 60 பேரையும் ஓராண்டு பார்த்தார்கள். நோன்பு முடிவில் காப்பவர்களின் மொத்தக் கொழுப்பு மற்றவர்களைவிட 12.5 சதவீதம் குறைவாக இருந்தது. விலங்குக் கொழுப்பு போகும்போது இரண்டு வகையும் சேர்ந்தே இறங்குகின்றன. எல்.டி.எல். அதிகம் இறங்குகிறது. மூன்று வாரத்துக்கு அது போதும். விட்டதைத் தொடங்கினால் எண்களும் திரும்பி ஏறும் என்பதை என் ஏப்ரல் பரிசோதனை காட்டியது: எல்.டி.எல். 134.

பி12 பற்றிப் பலர் கேட்கிறார்கள். மரக்கறியில் அது கிடையாது. ஆனால் கல்லீரலில் பல ஆண்டுகளுக்கான இருப்பு இருப்பதால் 21 நாளில் ஒன்றும் ஆகாது. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்த இருப்பே குறைந்திருக்கலாம் என்பதால் கணவருக்கு மட்டும் பார்த்தோம். குறைவாகத்தான் இருந்தது, இப்போது மாத்திரை எடுக்கிறார். இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் தினமும் கீரை சாப்பிடலாமா என்று கேட்டார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குக் கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம் என்று அனுப்பினேன்.

எண்களில் வராதது இது. பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு என்னில் ஒரு சத்தம் அடங்கியது. பணி முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்ன வாங்கலாம், என்ன தின்னலாம் என்று ஓடிக்கொண்டிருந்த மனம் நின்றது. பயற்றில் இனிப்பு தெரிந்தது. வேகவைத்த கேரட்டை மென்றுகொண்டே ஜெபித்தேன், இரண்டும் ஒரே காரியமாக இருந்தது. பதினேழாம் நாள் வார்டில் ஒரு மூதாட்டி கோபத்தில் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். வழக்கமாக என் முகம் சுருங்கும். அன்று குனிந்து துடைத்துவிட்டு வேறு கஞ்சி கொண்டுவந்தேன், கோபம் வரவே இல்லை. உணவால் வந்த மாற்றமா, ஜெபத்தால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமும் இல்லை.

முடித்தபின்

26ஆம் தேதி காலையில் இட்லி அவித்தேன். கணவர் நான்கு கேட்டார், இரண்டு சாப்பிட்டுப் போதும் என்றார். கறி அடுத்த ஞாயிறு வரை வேண்டாம் என்று வைத்தோம். உபவாசம் முடித்த அன்றே பிரியாணி சாப்பிட்ட ஒரு குடும்பம் இரவெல்லாம் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டது எங்களுக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் சொதியும் பயறும் இன்றும் தொடர்கின்றன. ஏப்ரலில் கணவரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி அளவு 7.9 சதவீதத்திலிருந்து 7.4 ஆகியிருந்தது. இரவு மாத்திரை பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

இந்த டிசம்பரில் ஐயரிடம் ஒரு காரியம் கேட்டேன். ஜனவரி உபவாசத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் தங்கள் மாத்திரைச் சீட்டையும் கொண்டுவர வேண்டும் என்று ஆராதனையில் அறிவித்தார். இரண்டு சனிக்கிழமை மாலை கோயிலின் பின்புற அறையில் நானும் இன்னொரு செவிலியரும் மேசை போட்டு உட்கார்ந்தோம். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், ரத்த உறைவு, கர்ப்பம், பாலூட்டுதல் இவற்றில் எது இருந்தாலும் அவரவர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம்.

முதல் மாலை நான் அறைக் கதவைத் திறந்தபோது வரிசையில் முதல் ஆளாக அத்தை நின்றார். வீட்டில் நான்தான் தினமும் எடுத்துக் கொடுக்கும் அதே மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். மேசைக்கு எதிரே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"என் பேரை முதலில் எழுது" என்றார்.